பூ என்ன கலர்ல வேணுங்க்கா?

சேலம் பக்கம் கல்யாண வீட்டுக்குப் பூ அலங்காரம் பேச வருகிறவர், "பொண்ணு கட்டற சேலை என்ன கலருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் உட்காருகிறார். வாயால் சொன்னால் போதாது, சேலையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வரவேற்புக்கு மயில்கழுத்து நீலம் என்றால் பூச்சடையும் மயில்கழுத்து நீலத்தில் வந்து சேரும். மேடைக்குப் பின்னால் நீலக் கார்னேஷன், மாப்பிள்ளை மாலையில் ரோஸ் நிறத்துச் சம்பங்கி, வாசல் தோரணத்தில் கிளிப்பச்சைச் செவ்வந்தி.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கேள்விக்கு வேலையில்லை. மல்லிகை வெள்ளை, கனகாம்பரம் ஆரஞ்சு, டிசம்பர் பூ ஊதா, பச்சைக்கு மரிக்கொழுந்து. சேலைக்குத் தோதான பூ கிடைத்தால் வைத்துக்கொண்டார்கள். கிடைக்காவிட்டால் மல்லிகை எதற்கும் பொருந்தும் என்று அதையே வைத்துக்கொண்டார்கள். இன்று வெள்ளைப் பூவை வாங்கி, சேலையின் நிறத்துக்குச் சாயம் ஏற்றிவிடுகிறார்கள்.

பூவுக்குச் சாயம் போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம் என்பேன். ஆனால் எந்தச் சாயம், அதை எப்படிப் போட்டார்கள், போட்ட பிறகு அந்தப் பூ எங்கே போய் உட்காருகிறது என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. வாங்குகிறவர் யாரும் இவற்றைக் கேட்பதில்லை. விற்கிறவருக்கும் பெரும்பாலும் பதில் தெரியாது.

பூவும் சாயமும் விளையும் சமவெளி

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி வட்டாரம் அரளிக்குப் பேர்போனது. ஓமலூர், காடையாம்பட்டி பக்கம் குண்டுமல்லி. விடிவதற்குள் பறித்த பூ மூட்டைகள் சேலம் வ.உ.சி. மார்க்கெட்டுக்கு வந்து, அங்கிருந்து வெளியூர்களுக்குப் பிரிந்து போகின்றன. நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையோரம் பரமத்திவேலூர். வெற்றிலைக்கும் வாழைக்கும் பேர்பெற்ற அந்த ஊரில் பூவுக்கென்றே ஏலச் சந்தை நடக்கிறது. குண்டுமல்லி, சம்பங்கி, அரளி, பச்சைமுல்லை, கனகாம்பரம், செவ்வந்தி, காக்கட்டான் என்று ஒவ்வொன்றும் அன்று கிலோ என்ன விலைக்குப் போனது என்பது உள்ளூர்ச் செய்தியாக வந்துவிடும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் விலை பறக்கும். கல்யாணமும் திருவிழாவும் இல்லாத வாரத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் பூவைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள்.

தறிகளும் இதே சமவெளியில்தான் ஓடுகின்றன. இளம்பிள்ளையில் சேலை, திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் விசைத்தறி, அவற்றை நம்பிச் சாயப்பட்டறைகள். ஆகவே சாயப்பொடி இங்கே அபூர்வச் சரக்கு கிடையாது. எந்த நிறத்தையும் நூறு கிராம், இருநூறு கிராம் என்று பொட்டலமாக வாங்க முடிகிற வட்டாரம் இது. பூக்காரர்கள் துணிச் சாயத்தைத்தான் வாங்கிப் போடுகிறார்கள் என்று நான் பொத்தாம்பொதுவாகப் பழி சொல்ல வரவில்லை. கேசரியில் கலக்கிற சிவப்பும் நூலில் ஏற்றுகிற சிவப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும்போது, விலை குறைந்த பொடியின் பக்கம் கை போகாது என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

மாக்னோலின் சம்பங்கி

பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் காசித்தும்பைச் செடியை வேரோடு பிடுங்கி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி வைப்பார். காசித்தும்பைத் தண்டு ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மென்மையானது. அதனால் சிவப்புக் கோடுகள் மேலே ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். வேர் உறிஞ்சிய தண்ணீர் எந்தக் குழாய் வழியாக இலைக்குப் போகிறது என்பதற்கான பாடம் அது.

இந்தச் சோதனையைச் செய்து பதிவாக்கிய மிகப் பழைய ஆட்களில் ஒருவர் பியர் மாக்னோல். பிரான்சின் மோன்பெலியே நகரத்துத் தாவரவியலாளர். மக்னோலியா மரம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 1709-இல் அவர் ஒரு வெள்ளைப் பூங்கதிரை வெட்டி, ஃபைட்டோலாக்கா என்ற செடியின் செந்நிறப் பழச்சாற்றில் நிறுத்தினார். பூ சிவந்தது. அவர் கையில் இருந்த பூ, நாம் கிலோக் கணக்கில் ஏலம் விடுகிற நிலச்சம்பங்கி.

மெக்சிகோவைச் சொந்த நாடாகக் கொண்ட சம்பங்கி ஐரோப்பாவைச் சுற்றி இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாமல் இங்கே சாமி மாலை கிடையாது. சாயம் ஏற்றும் ஆராய்ச்சியில் இறங்குகிற இந்தியத் தோட்டக்கலைக்காரர்கள் திரும்பத் திரும்ப அதையே எடுப்பதற்கும் காரணங்கள் உண்டு. நல்ல வெள்ளை, நீண்ட தண்டு, ஒரே கதிரில் டஜன் கணக்கில் பூ, குறைந்த விலை. பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், ஷிருங்கார் போன்ற ரகங்கள் நம் விவசாயிகளுக்கும் பழக்கமானவை.

தண்டு வழியாகச் சாயம் ஏறுவதை, பூ தண்ணீரைக் 'குடிப்பதாக' நாம் சொல்கிறோம். உண்மையில் மேலேயிருந்து இழுபடுகிறது. இதழிலும் இலையிலும் இருந்து தண்ணீர் ஆவியாகப் போகப் போக, கீழேயிருந்து அடுத்த துளி ஏறி வருகிறது. டப்ளினில் டிக்சனும் ஜோலியும் 1894-இல் இதை விளக்கினார்கள். சாயம் ஏற்றுகிறவருக்கு இதில் தொழில் ரகசியம் ஒன்று கிடைக்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சாயம் ஏறும். பங்குனி மத்தியானத்துச் சேலம் வெயிலில் ஏறுகிற வேகம் ஐப்பசி மழை நாளில் வராது. வெட்டிய கதிரைச் சற்று நேரம் தண்ணீரில்லாமல் கிடத்தி, லேசாகத் தளர விட்டு, அடித்தண்டைச் சாய்வாக மறுபடி வெட்டி, வெதுவெதுப்பான சாயத் தண்ணீரில் நிறுத்தினால் தாகத்தோடு இழுக்கும். நரம்புகளில் முதலில் நிறம் தெரியும். தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிற இதழ் விளிம்பில் சாயம் தங்கி அடர்த்தியாகும். நரம்பும் விளிம்பும் இப்படி அடர்ந்திருந்தால் தண்டு வழியாக ஏற்றிய பூ என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

பேராசைப்பட்டுச் சாயத்தைக் கெட்டியாகக் கரைத்தால் தண்டின் நுண்குழாய்கள் அடைத்துக்கொண்டு பூ தலையைத் தொங்கப் போட்டுவிடும். எல்லாச் சாயமும் ஏறுவதும் இல்லை. நுண்குழாய்களின் சுவரில் எதிர்மின் தன்மை உண்டு. அமிலச் சாயம் என்று தொழிலில் சொல்லப்படுபவையும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால் சுவரில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு மேலே போகும். காரச் சாயங்கள் நேர்மின் தன்மை கொண்டவை. அவை போகிற வழியிலேயே சுவரில் ஒட்டிக்கொள்ளும், பூ வரை சேராது. மஞ்சள்தூள் தண்ணீரில் சரியாகக் கரையாததால் ஏறாது. பீட்ரூட் சாறு ஏறினாலும் வெயிலிலும் சூட்டிலும் நிறம் விட்டுப்போகும். 'இயற்கைச் சாயம்' என்று போர்டு வைத்திருப்பவரிடம் அடர்நீலப் பூவைக் கண்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு: டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன். எட்டும் எதிர்மின் தன்மை கொண்டவை, அதாவது தண்டில் நன்றாக ஏறக்கூடிய இனம். ஆகவே தண்டு உள்ள பூவுக்கு நிறம் ஏற்ற நினைப்பவர் உணவு நிறத்தை வைத்தே வேலையை முடித்துவிடலாம். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் அந்த எட்டுக்குள் இருக்கின்றன.

காம்பில்லாத பூ

ஆனால் நம் பூவுக்குத் தண்டு எங்கே இருக்கிறது?

ஐரோப்பாவில் பூ என்றால் தண்டோடு வெட்டி ஜாடியில் வைப்பது. நம்முடையது உதிரிப்பூ. குண்டுமல்லியை விடியற்காலையில் மொட்டாகக் கிள்ளி எடுக்கிறோம். அரளியையும் அப்படியே. சம்பங்கியில்கூடக் கதிராகப் போவதைவிட உதிரியாகப் போவதுதான் இந்தப் பக்கம் வழக்கம். கிலோவில் வாங்கி, நாரில் தொடுத்து, முழத்தில் விற்கிறோம். தண்டே இல்லாத மொட்டு சாயத்தை எதன் வழியாக இழுக்கும்?

இழுக்காது. அதனால் முக்கி எடுக்கிறார்கள். அகலமான பாத்திரத்தில் சாயத்தைக் கரைத்து, பூவைக் கொட்டி, ஒரு புரட்டுப் புரட்டி, கூடையில் வடித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துவதோடு வேலை முடிந்தது. இதழின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் இருப்பதால் வெறும் சாயத் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். பிடிக்க வைக்க சோப்பு வகையறா ஏதாவது கலக்க வேண்டும். தண்டில் ஏற்ற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இது நிமிடங்களில் முடிந்துவிடும். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி ஆர்டர் பிடித்தவருக்கு எது தோது என்று சொல்ல வேண்டியதில்லை.

முக்கிய மல்லிகையை மாலையில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மொட்டாக இருந்தபோது வெளிப்பக்கம் மட்டும்தானே சாயம் பட்டது? பொழுது சாய்ந்து மொட்டு விரிந்ததும் உள்பக்கத்து வெள்ளை பல்லைக் காட்டிவிடும். மொட்டு விரியாமல் இருக்கச் சரத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கடைசி நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கும். நனைந்த பூ சீக்கிரம் அழுகவும் செய்யும்.

பூவின் ஆயுளைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. தண்டு வழியாக ஏறிய சாயம் இதழுக்கு உள்ளே, திசுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. முக்கிய சாயம் இதழின் மேலே உட்கார்ந்திருக்கிறது. வியர்வை பட்டால், மழைத்தூறல் விழுந்தால், பன்னீர் தெளித்தால் இறங்கி வரும். நீலப் பூச்சடையை அவிழ்த்த பிறகு பின்கழுத்தும் ரவிக்கையும் எந்த நிறத்தில் இருந்தன என்பது அந்தந்தக் கல்யாணப் பெண்ணுக்குத் தெரியும். ஜாடியில் நிற்கிற நீல கார்னேஷன் யார் உடம்பிலும் படுவதில்லை. நம் பூ மணிக்கணக்கில் தலையிலும் கழுத்திலும் கிடக்கிறது.

முக்கி எடுப்பதற்கு எந்தச் சாயம் வசதி என்று பாருங்கள். ரோடமின் பி, மாலகைட் கிரீன், ஆரமின் போன்றவை காரச் சாயங்கள். தண்டில் ஏறாமல் அடம்பிடித்த அதே ஒட்டுகிற குணம் மேலே பூசும்போது அனுகூலமாகிவிடுகிறது. துளி போட்டால் பளிச்சென்று பிடிக்கும், விலையும் குறைவு. இவற்றில் எதுவும் உணவில் சேர்க்கத் தகுந்ததல்ல. ரோடமின் பி எப்பேர்ப்பட்டது என்று 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கே தெரிந்தது. பஞ்சுமிட்டாயில் அது இருப்பதைப் பரிசோதனையில் கண்டுபிடித்து, முதலில் புதுச்சேரியும் பின்னர் தமிழ்நாடும் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டன. வாயில் போடுகிற ரோஸ் நிறத்துக்கு அன்று பதறினோம். தலையில் வைக்கிற ரோஸ் நிறத்தை யாரும் சோதனைக்குக் கேட்கவில்லை.

தோலில் படுவதுதானே, வயிற்றுக்கா போகிறது என்று தள்ளிவிட முடியாது. மலிவான குங்குமத்தில் கலக்கிற சாயங்களால் நெற்றியில் அரிப்பும் கறுப்பும் வருவதைத் தோல் மருத்துவர்கள் நீண்ட காலமாக எழுதி வருகிறார்கள். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கியவர்களும் அவரவர் தெருவிலேயே இருப்பார்கள்.

கல்யாணப் பெண்ணுக்காவது அது ஒரு நாள் சமாச்சாரம். தினம் தினம் அதில் கிடப்பவர்கள் பூத்தொடுக்கும் பெண்கள். வீட்டுத் திண்ணையிலும் மார்க்கெட் ஓரத்திலும் உட்கார்ந்து, மடியில் ஈரப் பூவைப் பரப்பி, கை நிற்காமல் கட்டுகிறார்கள். பூ ஈரமாக இருந்தால்தான் வாடாது, நாரும் ஈரமாக இருந்தால்தான் அறுக்காது. கையுறை போட்டுக்கொண்டு பூத்தொடுக்க முடியாது, விரல் நுனிக்கு நார் தெரிய வேண்டும். அதே விரலால் சோறு பிசைகிறார்கள், பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள். சாயத்தொட்டிக்குள் கை விட்டுப் புரட்டுகிறவர் நிலைமை இதைவிட மோசம். உலர்ந்த சாயப்பொடியைக் கொட்டும்போது எழுகிற தூசி நேரே மூக்குக்குத்தான் போகிறது. சாயம் போட்ட பூவைப் பற்றிய பேச்செல்லாம் வாங்குகிறவரின் கூந்தலோடு நின்றுவிடுவதுதான் எனக்கு ஆகாத விஷயம்.

துணிக்கு இருக்கிறது, பூவுக்கு இல்லை

1994-இல் ஜெர்மனி, உடம்பில் படும் துணிகளில் சில அசோ சாயங்கள் இருக்கக் கூடாது என்று தடை போட்டது. அவை சிதைந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளியிடும் என்பது காரணம். ஏற்றுமதியை நம்பியிருந்த துணித் தொழில் ஆடிப்போயிற்று. இந்திய அரசும் 1990களில் அடுத்தடுத்த அறிவிக்கைகளில் அப்படிப்பட்ட சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஜெர்மன்காரர் மேலில் படுகிற துண்டுக்கு என்ன சாயம் என்று சான்றிதழ் காட்டக் கற்றுக்கொண்ட வட்டாரம் இது.

பூ விஷயத்தில் அந்தக் கேள்வி எந்த மேசைக்கும் போய்ச் சேரவில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவைத்தான் பார்க்கும், தலையில் வைக்கிற பூ உணவல்ல. சோப்பு, பவுடர் வரிசையில் அழகுசாதனம் என்று யாரும் அதைப் பதிவு செய்வதும் இல்லை. பூக்கடைக்கு வந்து மாதிரி எடுக்கும் அதிகாரியை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் பூ வாய்க்குப் போகவே போகாது என்றும் சொல்லிவிட முடியாது. அர்ச்சனைத் தட்டில் தேங்காய் மூடி மேலும் பழத்தின் மேலும் பூ கிடக்கிறது. கலச நீரில் பூ மிதக்கிறது, அந்த நீரைத் தீர்த்தமாக உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிறோம். கழற்றி எறிந்த மாலையை மாடு தின்கிறது.

மேடைப் பூ வேறு கணக்கு. தாய்லாந்திலிருந்து வருகிற டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டை நீலத்தில் பார்த்தால் அது சாயம்தான். பல நிறம் கலந்த வானவில் ரோஜா, தண்டை நாலைந்தாகப் பிளந்து ஒவ்வொரு பிளவையும் ஒவ்வொரு சாயத்தில் நிறுத்தி எடுப்பது, ஹாலந்தில் பீட்டர் வான் டி வெர்க்கன் பிரபலமாக்கியது. பச்சைக் கார்னேஷன் அதற்கெல்லாம் மூத்தது. 1892-இல் லண்டனில் தன் நாடகம் அரங்கேறிய இரவில் ஆஸ்கர் வைல்ட் நண்பர்களை அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வரச் சொன்னார், ஊரே அதைப் பற்றிப் பேசியது. சாயமில்லாமல் நீல ரோஜாவைச் செடியிலேயே பூக்க வைக்க ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றத்தில் வருடக்கணக்காக உழைத்தது. ரோஜாவில் டெல்பினிடின் என்ற நீல நிறமி உருவாவதில்லை என்பதுதான் சிக்கல். 2009-இல் கடைக்கு வந்த அந்தப் பூ நீலமென்று சொன்னதால் நீலம், நம் கண்ணுக்கு வெளிர் ஊதா. நீல மைத் தொட்டியில் நிறுத்திய வெள்ளை ரோஜாவைத்தான் உலகம் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறது. சாயம் ஏற்றிய நீலச் செவ்வந்தி எனக்கு மை கொட்டிய பஞ்சு மாதிரித் தெரிகிறது. ரசனை அவரவருக்கு.

'நம் பண்பாட்டில் பூவுக்குச் சாயம் பூசியதே இல்லை' என்று சிலர் இதற்கு எதிராகக் கிளம்புவார்கள். அந்த வாதம் நிற்காது. மாட்டுப் பொங்கலுக்கு டெல்டா மாவட்டங்களில் மாட்டின் கழுத்தில் கட்டுகிற நெட்டி மாலை முழுக்கச் சாயத்தில் தோய்த்ததுதான். நீர்நிலையில் முளைக்கும் செடியின் வெண்தண்டைச் சீவி, பச்சை, சிவப்பு, மஞ்சள் ஏற்றிக் கோக்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறுகிற உலர்மலர்கள் வெளுத்துச் சாயம் போட்டவை. சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவிலிருந்து வந்து நம் சாமிக்கு ஆகிவிட்டபோது, ஒரு நிறத்தைப் பார்த்து மட்டும் பண்பாடு கெட்டுவிட்டது என்பது வேடிக்கை. நிறத்தை விட்டுவிட்டு, பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் பக்கம் நான்.

யாருக்கு லாபம்

வேளாண் துறையின் மொழியில் இதற்கு மதிப்புக்கூட்டுதல் என்று பெயர். விலை விழுந்த நாளில் வெள்ளைச் சம்பங்கியை நிறமேற்றி விற்றால் விவசாயிக்கு நாலு காசு சேரும் என்பது ஆய்வுக் கட்டுரைகளின் முகவுரையில் தவறாமல் வரும். களத்தில் பார்த்தால் சாயம் ஏறுவது பூ கைமாறிய பிறகுதான். பரமத்திவேலூர் ஏல நிலவரத்தில் சம்பங்கி என்று ஒரு வரி உண்டு, கலர்ச் சம்பங்கி என்று தனி வரியை நான் கண்டதில்லை. விவசாயி வெள்ளையாகக் கொடுத்து வெள்ளைக்கான விலையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். கூடுகிற மதிப்பு அலங்காரக்காரர் கையில்தான் கூடுகிறது.

விவசாயிக்கு நட்டமாகக்கூட முடியலாம். வெள்ளைப் பூ பழசானால் பழுப்பு தட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். சாயம் அந்தப் பழுப்பை மறைத்துவிடும். நேற்றைய பூவை இன்றைய பூவாக விற்க வழி கிடைத்த வியாபாரி, இன்று புதுப் பூவுக்கு ஏலம் கேட்க என்ன அவசரம்? எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் வழி திறந்திருக்கிறது.

விவசாயி கையிலேயே மதிப்பு கூட வேண்டுமென்றால் கதிர்ச் சம்பங்கிதான் பாதை. தண்டோடு வெட்டி, தோட்டத்துக் கொட்டகையில் உணவு நிறத்தில் நிறுத்தி, மேடை அலங்காரக்காரருக்கு நேரடியாகக் கொடுக்க முடியும். அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வாளி, சுத்தத் தண்ணீர், நிழல், நாலு மணி நேரப் பொறுமை இருந்தால் போதும். சேலம், நாமக்கல் கல்யாண மண்டபங்களுக்கு ஒரு முகூர்த்தத்தில் எவ்வளவு கதிர் போகும் என்பது பூ வளர்க்கிற எவருக்கும் தெரியும்.

மிச்சத் தண்ணீர்

பூவை வடித்த பிறகு பாத்திரத்தில் மிஞ்சுகிற சாயத் தண்ணீர் எங்கே போகிறது? சாக்கடைக்குத்தான். சாயப்பட்டறைகளோடு ஒப்பிட்டால் இது ஒரு சொம்பு. 2011 ஜனவரியில் நொய்யலைக் காப்பாற்ற சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரியில் சாயக்கழிவு கலப்பதைப் பற்றி வருடம் தவறாமல் எழும் புகார்களையும் அறிந்தவர்கள் இந்தச் சொம்பைப் பெரிதாக்க மாட்டார்கள். நானும் பெரிதாக்கவில்லை. ஆனாலும் ஆடிப்பெருக்கன்று மோகனூரிலும் பரமத்திவேலூரிலும் கூடை கூடையாகப் பூ காவிரியில் இறங்குகிறது. அரளியும் சாமந்தியும் மட்கிப்போகும். அவற்றோடு போகிற சாயம் மட்காது. ஆற்றுக்குக் கொடுக்கிற பூவையாவது வெள்ளையாகவே கொடுக்கலாம்.

பூ வாங்கும்போது சோதித்துப் பார்ப்பது பெரிய வித்தையில்லை. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையில் பூவை லேசாக ஒற்றினால், முக்கிய சாயம் என்றால் துணியில் ஒட்டும். தொடுத்த சரத்தின் நாரைப் பாருங்கள். நாரிலும் நிறம் கசிந்திருந்தால் அது கழுத்திலும் கசியும். இதழின் நரம்பும் விளிம்பும் அடர்ந்து, நடுப்பகுதி வெளிறியிருந்தால் தண்டு வழியாக ஏறியது, கவலை கொஞ்சம் குறைவு. பச்சைப் புல்லிவட்டமும் காம்பும் சேர்ந்து நீலமாகியிருந்தால் மொத்தமாக முக்கி எடுத்தது. தலைக்கு வைக்கிற சரத்தில் இந்த அடையாளங்கள் தெரிந்தால் வாங்காமல் நகர்ந்துவிடலாம், பக்கத்துக் கூடையில் வெள்ளை மல்லிகை இருக்கும்.

கல்யாண ஆர்டர் கொடுக்கிறவருக்குச் சோதனையைவிடச் சுலபமான வழி உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சாயப் பாக்கெட்டைக் காட்டச் சொல்லலாம். மேடைப் பூவும் தலைப்பூவும் தனித்தனி ஏற்பாடு என்று எழுதி வாங்கலாம். உணவு நிறத்துக்கும் மற்றதற்கும் உள்ள விலை வித்தியாசம் அலங்கார பில்லில் கண்ணுக்கே தெரியாது. உணவு நிறம் என்று அலங்காரக்காரர் சொன்னால் அந்தப் பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும். அதில் 14 இலக்கங்கள் இருக்கும். எண்ணிப் பாருங்கள்.